ஏப்ரல் 9இல் கிழக்குக் கரையும் நினைக்கப்பட வேண்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

இரண்டாம் உலகப் போரில் இலங்கை பட்ட பாடு பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று கொழும்பில் வீழ்ந்த குண்டுகளோடு நிறுத்திவிடுகின்றனர். நான்கு நாட்களின் பின் நிகழ்ந்தது அதனிலும் பெரிது.

ஏப்ரல் 9ஆம் திகதி காலை யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத் தளத்தையும் தாக்கின. தாக்குதலுக்கு அஞ்சி முன்னிரவே துறைமுகத்தை விட்டுத் தெற்கே சென்றிருந்த 'ஹேர்மிஸ்' என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல், தன்னைக் காக்க ஒரு விமானமேனும் இன்றி, மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. அதில் 307 பேர் மாண்டனர். துணைக்குச் சென்ற அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் 'வம்பயர்' உட்பட வேறு கப்பல்களும் மூழ்கின. தத்தளித்தவர்களில் சுமார் 600 பேரை 'வீற்றா' என்னும் மருத்துவக் கப்பல் மீட்டது.

அதே நாளில் பிலிப்பைன்சின் பட்டான் குடாநாட்டில் 75,000 வரையிலான அமெரிக்க, பிலிப்பினோப் படையினர் யப்பானியரிடம் சரணடைந்தனர். அவர்களுட் பல்லாயிரவர் பின்னர் கைதிகளாகக் கட்டாயமாக நடத்திச் செல்லப்பட்ட நெடும் நடைப்பயணத்திலும் கைதி முகாம்களிலும் இறந்தனர். கிரைமியாவின் கேர்ச் குடாநாட்டில் சோவியத் படை மீண்டுமொரு தாக்குதலைத் தொடங்கியதும் அன்றே.

திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் எழுதுவினைஞராயிருந்த என் பேரனார் அக்காலையைச் சொல்லும்போதெல்லாம் குரல் தழுதழுக்கும். பட்டானைப் பற்றி அவர் அன்று அறிந்திருக்க வழியில்லை. இந்நிகழ்வுகளை ஒருசேர நோக்கும் கட்டுரையொன்றை, கிழக்குக் கரையில் இன்றும் வாழும் முதியோரின் நினைவுகளுடன், வரும் ஏப்ரலில் தங்கள் பத்திரிகை வெளியிட வேண்டுமெனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வண்ணம்,
வாசகர் ஒருவர்,
நல்லூர், யாழ்ப்பாணம்.