டிஸ்க்0 தயார் செய்துவிட்டு வாருங்கள்

நண்பர்களே, அடுத்த லேபில் கன்ஃபிக் (ரவுட்டரின் அமைப்புகள்) பேக்கப் எடுக்கப் பழகப் போகிறோம். அதற்கு, கணினியிலேயே நெட்வொர்க் அமைத்துப் பழக உதவும் ஜிஎன்எஸ்3-இல் உங்கள் சிஸ்கோ 7200 ரவுட்டருக்கு டிஸ்க்0 என்ற டிஸ்க் இருக்க வேண்டும்.

ரவுட்டரை முதலில் ஸ்டாப் செய்யுங்கள். ரைட் கிளிக், கான்ஃபிகர், மெமரீஸ் அண்ட் டிஸ்க்ஸ். அங்கே பிசிஎம்சிஐஏ (மெமரி கார்டு வகை) டிஸ்க்0 அளவை 64 எம்பி என்று வையுங்கள். லேபுக்கு அதுவே தாராளம். டெம்ப்ளேட்டில் (புதிதாகப் போடும் ரவுட்டர்களுக்கான மாதிரி) மட்டும் மாற்றினால், ஏற்கெனவே கேன்வாஸில் (நெட்வொர்க் வரையும் திரை) போட்டு வைத்த ரவுட்டருக்கு அது வராது. பலரும் தடுமாறுவது இங்கேதான்.

அப்புறம் ஸ்டார்ட் செய்து, எனேபிள் மோடில் (முழு அனுமதி உள்ள கட்டளை நிலை) 'ஃபார்மேட் டிஸ்க்0:' கொடுங்கள். உறுதி கேட்கும்போது என்டர் தட்டினால் போதும். ஃபார்மேட் செய்யாத டிஸ்க்கில் எதுவும் எழுத முடியாது. 'டிர் டிஸ்க்0:' போட்டுப் பார்த்தால் காலி இடம் எவ்வளவு என்று தெரியும்.

சிஸ்கோ 3725 ரவுட்டரில் சுவிட்ச் மாட்யூல் போட்டிருப்பவர்களுக்கு வேறு கதை: விலான் (ஒரே சுவிட்சில் பிரிக்கும் தனித்தனி நெட்வொர்க்குகள்) டேட்டாபேஸ் ஃபிளாஷில் சேமிக்கப்படுவதால், 'இரேஸ் ஃபிளாஷ்:' கொடுத்தால்தான் இடமில்லை என்ற புலம்பல் நிற்கும்.

ஸ்டார்ட்அப் கன்ஃபிக் (ரவுட்டர் தொடங்கும்போது படிக்கும் அமைப்பு) என்விராம் என்ற தனி மெமரியில் இருப்பது, இந்த ஃபார்மேட், இரேஸ் கட்டளைகளால் அழியாது. ஆனால் ப்ராஜெக்டிலிருந்து ரவுட்டரையே நீக்கினால் டிஸ்க்கும் சேர்ந்து போய்விடும், சரியா?

சிக்கல் வந்தால் கன்சோல் ஸ்க்ரீன்ஷாட்டோடு இங்கேயே கேளுங்கள்.