மினிடிஸ்க் தம்பிக்கு நன்றி

அம்மப்பா பாடிய வடமோடிக் கூத்துப் பாட்டுகள் சின்னத் தட்டில் பதியும் பழைய மினிடிஸ்க் ரெக்கோடரில் கிடந்தன. என் லெப்டொப் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. இரண்டு கடையில் கைவிரித்துவிட்டார்கள்.

மட்டக்களப்பு டவுனில் மூன்றாவது கடை. பக்கத்தில் நின்ற தம்பி, நீங்களாகவே சொன்னீர்கள்: "அக்கா, இது யூஎஸ்பியால பாட்டை உள்ள எடுக்கும், வெளிய விடாது. ஹெட்போன் ஓட்டையால எடுப்பம்."

உங்கள் பையிலிருந்தே வயரை எடுத்து, கடைக்காரரைக் கேட்டு அவருடைய கொம்பியூட்டரில் செருகி, ஒடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதியவிட்டீர்கள். 74 நிமிடத் தட்டென்றால் 74 நிமிடமும் ஓடித்தான் தீரவேண்டும். வாங்கித் தந்த தேத்தண்ணி ஆறிப்போனது. மத்தளம் அதிரும்போதெல்லாம் உங்கள் விரல் சத்தத்தைக் குறைத்தது.

காசு வாங்கவில்லை. பெயர் கேட்க எனக்கும் தோன்றவில்லை, மடச்சி! இதைப் பார்த்தால் எழுதுங்கள், தம்பி. அம்மா உங்களுக்கு ஒருநேரம் சோறு போட வேணுமாம்.