கோடிட்ட இடமும் அதைச் சுற்றியுள்ள சொற்களும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஆங்கிலத் தேர்வில் "கோடிட்ட இடத்துக்குப் பொருத்தமான சொல்லைத் தேர்ந்தெடு" என்று வரும் பகுதியில் நம் பிள்ளைகள் நிறைய மதிப்பெண்களை விடுகிறார்கள். கொடுத்திருக்கும் நான்கு சொற்களுக்கும் பொருள் தெரிந்தவர்கள்கூடத் தவறவிடுவதால்தான் இதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். சொல் தெரியாவிட்டால் சொல்லிக்கொடுத்துவிடலாம். சொல் தெரிந்தும் விடை தவறுகிறதென்றால் படிக்கும் முறையில்தான் கோளாறு.

கோடு கண்ணில் பட்டதும் பிள்ளைகள் படிப்பதை நிறுத்திவிட்டு நேரே விடைகளுக்குப் போய்விடுகிறார்கள். கோட்டுக்கு அப்பால் உள்ள பாதி வாக்கியம் படிக்கப்படாமலே கிடக்கிறது. பல நேரம் துப்பு இருப்பது அங்கேதான். ஓர் எடுத்துக்காட்டு: "தி ரூம் வாஸ் சோ ____ தட் வி குட் ஹியர் தி கிளாக் டிக்கிங்." விடைகள்: டார்க், ஸ்மால், குவையட், கோல்ட். கோடு வரை மட்டும் படித்தால் நான்குமே பொருந்தும். அறை இருட்டாகவும் இருக்கலாம், குளிராகவும் இருக்கலாம். கடிகாரம் ஓடும் சத்தம் காதில் விழுந்தது என்ற கடைசிப் பகுதியைப் படித்துவிட்டால் குவையட் (அமைதியான) தவிர வேறெதுவும் நிற்காது.

இதற்காக வகுப்பில் ஒரு முறையைப் பழக்குகிறோம். முதலில் விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு வாக்கியத்தை முற்றுப்புள்ளி வரை படிக்க வேண்டும். அடுத்து, கோட்டில் என்ன வந்தால் சரியாக இருக்கும் என்று பிள்ளை தானே ஒரு சொல் சொல்ல வேண்டும். தமிழில் சொன்னாலும் போதும். அப்படிச் சொல்லவைத்த துப்புக்கு அடிக்கோடு போட வேண்டும். அதன் பிறகுதான் கையை எடுத்துவிட்டு, நினைத்த சொல்லுக்கு மிக நெருக்கமான விடையைத் தேடலாம். கடைசியில் அதைக் கோட்டில் வைத்து முழு வாக்கியத்தையும் ஒருமுறை வாய்விட்டுப் படிக்க வேண்டும்.

கையால் மறைப்பது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் அதை விட்டுவிட்டால் மற்றப் படிகளுக்குப் பயனே இல்லை. தவறான விடைகளைக் கேள்வி தயாரிப்பவர்கள் யோசித்துத்தான் வைக்கிறார்கள். ஒன்று சரியான சொல்லைப் போலவே ஒலிக்கும். ஒன்று அதற்கு எதிர்ச்சொல்லாக இருக்கும். இன்னொன்று வாக்கியத்தில் உள்ள வேறொரு சொல்லோடு வழக்கமாகச் சேர்ந்து வருவதாக இருக்கும். அவற்றை முதலிலேயே பார்த்துவிட்டால் மனம் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். பிறகு வாக்கியம் என்ன சொன்னாலும் காதில் ஏறாது.

சேர்ந்து வரும் சொல்தான் இவற்றில் அதிகம் ஏமாற்றுவது. "ஆல்தோ ஹி வாஸ் ____, ஹி ஃபினிஷ்ட் தி ரேஸ்" என்ற வாக்கியத்துக்கு ஃபாஸ்ட், டயர்ட் இரண்டும் விடைகளில் இருந்தால், ரேஸ் என்றதும் வேகம் நினைவுக்கு வந்து ஃபாஸ்ட் என்று எழுதிவிடுவார்கள். ஆல்தோ என்ற சொல், பின்னால் வருவது முன்னால் சொன்னதற்கு மாறாக இருக்கும் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டது. களைத்திருந்தும் ஓடி முடித்தான் என்பதுதான் பொருள், எனவே டயர்ட். தமிழில் "களைத்திருந்தாலும்" என்று இந்தத் திருப்பம் வினையின் கடைசியில் ஒட்டிக்கொண்டு வரும். ஆங்கிலத்தில் அது முதல் சொல்லாகவே வந்துவிடுவதால் நம் பிள்ளைகள் அதைக் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். பட், ஹவ்எவர் வந்தால் பேச்சு திரும்புகிறது. பிகாஸ், சோ, தேர்ஃபோர் வந்தால் காரணமும் விளைவும் இருக்கின்றன. ஆண்ட், ஆல்சோ வந்தால் அதே திசையில் போகிறது. இந்த ஏழெட்டு இணைப்புச் சொற்களைக் கண்டதும் பென்சிலால் வட்டமிடும் பழக்கம் வந்துவிட்டால் பாதிப் பிழைகள் நின்றுவிடும் என்பது என் கணிப்பு.

ஒரே எழுத்து விடையை மாற்றிவிடும் இடங்களும் உண்டு. "ஹி ஹேட் ____ ஃபிரெண்ட்ஸ், சோ ஹி ஃபெல்ட் லோன்லி." ஃப்யூ வருமா, எ ஃப்யூ வருமா? ஃப்யூ என்றால் நண்பர்கள் இல்லை என்றே சொல்லலாம் என்ற குறை தொனிக்கும். எ ஃப்யூ என்றால் சிலராவது இருக்கிறார்கள் என்ற நிறைவு தொனிக்கும். தனிமையாக உணர்ந்தான் என்று வாக்கியம் முடிவதால் ஃப்யூ. அந்த முடிவை "சோ ஹி வாஸ் நாட் லோன்லி" என்று மாற்றினால் விடையும் எ ஃப்யூ என்று மாறிவிடும். இப்படி வாக்கியத்தின் ஒரு பாதியை மாற்றி, விடை எப்படி மாறுகிறது என்று பார்க்கவைப்பது மிக நல்ல பயிற்சி.

பொருள் கைகொடுக்காதபோது இலக்கணம் கைகொடுக்கும். "ஷி இஸ் ____ ஆஃப் மியூசிக்" என்பதற்கு ஃபாண்ட், கீன், இன்ட்ரஸ்டட் என்று மூன்று விடைகள் இருந்தால் மூன்றுமே விருப்பத்தைத்தான் சொல்கின்றன. கீன் வந்தால் ஆன் வர வேண்டும், இன்ட்ரஸ்டட் வந்தால் இன் வர வேண்டும். ஆஃப் கேட்பது ஃபாண்ட் மட்டுமே. அதுபோல, கோட்டுக்குப் பின் தேன் (than, அதாவது "விட") இருந்தால் டாலர் (taller, அதிக உயரமான), பெட்டர் போன்ற ஒப்பீட்டுச் சொல் வரும். வாக்கியத்தில் யெஸ்டர்டே இருந்தால் வினை இறந்தகாலம்.

லெண்ட், பாரோ இரண்டையும் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் குழப்பிக்கொள்கிறார்கள், இரண்டுக்கும் "கடன்" என்றே மனப்பாடம் செய்திருப்பதால். பொருள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்று கேளுங்கள். "குட் யூ ____ மி யுவர் பென்?" என்பதில் யூ கொடுப்பவர், எனவே லெண்ட். "மே ஐ ____ யுவர் பென்?" என்பதில் ஐ வாங்குபவர், எனவே பாரோ.

எல்லா வாக்கியத்திலும் துப்பு இருக்கும் என்று பிள்ளைகளை நம்பவைக்கவும் கூடாது. "ஷி ஹேட் எ ____ பேக்" என்று மட்டும் இருந்தால் எதுவும் வரலாம். அப்போது முந்தைய வாக்கியத்தையும் அடுத்த வாக்கியத்தையும் பார்க்க வேண்டும். பத்தியாகக் கொடுத்திருந்தால் எழுதத் தொடங்கும் முன் பத்தி முழுவதையும் ஒருமுறை படித்துவிட்டு, உறுதியாகத் தெரிந்த இடங்களை முதலில் நிரப்பட்டும். மீதி இடங்களுக்கு அவையே துப்பாகும். புதிய சொல்லின் பொருளைச் சூழலைக் கொண்டு ஊகித்த பிறகு அகராதியைப் பார்த்து உறுதிசெய்வது அவசியம். சூழல் தருவது தோராயமான பொருளைத்தான்.

வீட்டில் உதவ உங்களுக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. "எந்தச் சொல்லைப் பார்த்து இதை எடுத்தாய்?" என்ற ஒரு கேள்வி போதும். பிள்ளை வாக்கியத்தில் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்துக் காட்ட வேண்டும். "அப்படித்தான் தோணுச்சு" என்று பதில் வந்தால், விடை சரியாகவே இருந்தாலும் மறுபடி படிக்கச் சொல்லுங்கள். அதன்பின் மற்ற மூன்றும் ஏன் பொருந்தவில்லை என்று கேளுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து வாக்கியங்கள், பத்து நிமிடம். அதற்கு மேல் வேண்டாம், களைத்துப்போனால் ஊகிக்கத் தொடங்கிவிடுவார்கள். சொற்பட்டியல்களை வாங்கி மனப்பாடம் செய்யவைப்பதையும் தயவுசெய்து தவிருங்கள். ஒரு சொல்லைத் தனியாக எழுதுவதற்குப் பதில், அது வந்த வாக்கியத்தை அப்படியே நோட்டில் எழுதித் துப்புக்கு அடிக்கோடு போடட்டும்.

இனி வகுப்பு நோட்டுகளிலும் விடையையும் துப்பையும் தனித்தனியே திருத்துவோம். துப்பு சரி, விடை தவறு என்றால் பிள்ளைக்குச் சொல்வளம் போதவில்லை. கூடுதலாகக் கதைகள் படிக்கவைக்க வேண்டும். விடை சரி, துப்பு தவறு என்றால் அது குருட்டாம்போக்கில் கிடைத்த மதிப்பெண்; அந்தப் பிள்ளையோடுதான் நீங்கள் அதிகம் உட்கார வேண்டும். திருத்திய நோட்டுகள் வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்கு வரும். இரண்டு குறியீடுகளையும் பார்த்து, கையெழுத்திட்டுத் திங்கட்கிழமை கொடுத்தனுப்புங்கள். ஐயம் இருந்தால் ஆங்கில ஆசிரியரையோ என்னையோ பள்ளி முடிந்ததும் வந்து பார்க்கலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்