மனசு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், மதினி

அன்புள்ள மதினி,

நீங்கள் ரிப்போர்ட்டைப் படித்துக் காட்டிய அன்றே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நம் வீட்டில் போனில் எதையும் முழுசாகப் பேசி முடிக்க முடியாது. நடுவில் குக்கர் விசில் அடிக்கும், அம்மா கூப்பிடுவாள், அண்ணனுக்கு டீ வேண்டியிருக்கும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உங்கள் மூன்று மாதச் சர்க்கரை சராசரி, அதாவது ஹெச்பிஏ1சி, 6.1. அது 5.7-இலிருந்து 6.4 வரை இருந்தால் நோய்க்கு முந்தைய நிலை. 'பார்டர்' என்கிறார்களே, அதுதான். 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். டாக்டர் "வெயிட்டைக் குறைங்கம்மா" என்று ஒரு வரி சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டிருக்கிறார். கிளினிக்கில் நர்ஸாக இருக்கிறவள் என்பதால் சொல்கிறேன், அதற்கு மேல் பேச அங்கே பெரும்பாலும் நேரம் இருப்பதில்லை. எப்படிக் குறைப்பது என்பதை வீட்டுக்கு வந்து நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

நீங்கள் கேட்டது எப்படி என்றுகூட இல்லை. "ஆரம்பிக்க மனசே வர மாட்டேங்குது. வந்தாலும் நாலு நாளைக்கு மேல நிக்கல. எனக்கு உறுதி பத்தாது போல" என்றீர்கள்.

அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஐப்பசியில் கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் இருக்கிறவர் நீங்கள். அந்த ஆறு நாளும் பிள்ளைகளுக்கு டிபன் கட்டுகிறீர்கள், அண்ணனுக்குக் குழம்பு வைக்கிறீர்கள், தாளிக்கிற வாசனை முழுக்க உங்கள் மூக்கில்தான் ஏறுகிறது. ஒரு வாய் எடுத்து வைத்ததில்லை. அப்படியே திருச்செந்தூருக்குப் போய்க் கூட்டத்தில் நின்று சூரசம்ஹாரமும் பார்த்துவிட்டு வருவீர்கள். உங்களுக்கே உறுதி பத்தாது என்றால் எங்களை எல்லாம் எதில் சேர்ப்பது?

விரதம் எப்படி நிற்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பக்தி இருக்கிறது, சரி. அதோடு வேறு சிலதும் இருக்கின்றன. தேதியை நீங்கள் முடிவு செய்வதில்லை, காலண்டர் முடிவு செய்கிறது. காலையில் எழுந்து 'இன்றைக்கு இருக்கலாமா, வேண்டாமா' என்று மனசிடம் கேட்பதில்லை. எதைச் சாப்பிடலாம், எதைத் தொடக்கூடாது என்பது முன்பே தெரியும். எல்லாவற்றுக்கும் மேல், வீடே அதற்கு ஒத்துழைக்கிறது. "ஒரு வடை எடுத்துக்கோ, ஒண்ணும் ஆகாது" என்று அம்மா அந்த ஆறு நாளில் சொல்வதில்லை. அண்ணன்கூட கேலி பேசுவதில்லை.

எடை குறைக்க நீங்கள் செய்த முயற்சிகளில் இது எதுவுமே இல்லை. பேலியோ அலை அடித்தபோது நம் சொந்தத்தில் பலர் சோற்றை விட்டுவிட்டுப் பாதாமும் முட்டையுமாக இருந்தார்களே, நீங்களும் இறங்கினீர்கள். ஐந்து பேருக்கு உலை வைத்து வடித்துவிட்டு, உங்களுக்கு மட்டும் தனியாக ஒன்று செய்துகொண்டு, அது என்ன, ஏன் என்று ஒவ்வொரு வேளையும் எல்லோருக்கும் விளக்கிக்கொண்டும் இருக்க வேண்டியிருந்தது. யாராக இருந்தாலும் சலித்துப்போகும். அதில் எடை குறைத்தவர்கள் உண்டு, நானே பார்த்திருக்கிறேன். நான் பார்த்தவர்களில் பெரும்பாலோருக்குச் சமைத்துக் கொடுக்க வீட்டில் இன்னொருவர் இருந்தார்.

அதனால் மனசு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அது வரும், போகும். விரதத்துக்கு இருக்கிற ஏற்பாட்டை இதற்கும் செய்யுங்கள். பட்டினி மட்டும் வேண்டாம். ஆறு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு ஏழாம் நாள் பாயசத்தோடு முடிக்கிற காரியம் இல்லை இது.

முதலில், குறைக்கணும் என்று நீங்கள் மனசில் வைத்திருக்கிற அந்த இருபது கிலோவை மறந்துவிடுங்கள். அமெரிக்காவில் நடந்து 2002-இல் முடிவு வெளியான டயபடீஸ் பிரிவென்ஷன் புரோகிராம் என்ற பெரிய ஆய்வில், பார்டரில் இருந்தவர்களுக்கு வைத்த இலக்கு உடல் எடையில் 7 சதவீதம், வாரத்துக்கு 150 நிமிட நடை. அந்த இலக்கு வைத்த பிரிவில், அது இல்லாத பிரிவைவிடச் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. நீங்கள் 74 கிலோ. 7 சதவீதம் என்றால் ஐந்து கிலோதான்.

அதைவிட எனக்குப் பிடித்தது நம் சென்னையில் நடந்தது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரை வைத்து நடத்தினார்கள், முடிவு 2006-இல் வந்தது. இவர்களும் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்தவர்கள்தான். வழக்கமான பொது ஆலோசனையோடு விடப்பட்ட பிரிவில், மூன்று வருடத்தில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்துவிட்டது. நடையும் சாப்பாட்டு மாற்றமும் சொல்லிக்கொடுத்துத் தொடர்ந்து விசாரித்த பிரிவில் 39 சதவீதம். இதில் கவனிக்க வேண்டியது, அவர்களுக்கு எடை பெரிதாக இறங்கவே இல்லை. மெஷின் முள் அசையாவிட்டாலும் உள்ளே வேலை நடந்திருக்கிறது. நாலாம் நாள் மெஷினில் ஏறிப் பார்த்து "ஒண்ணும் குறையல, எதுக்கு இந்தப் பாடு" என்று விடுகிறீர்களே, அப்போது இவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அடுப்படிக்கு வருவோம். உங்கள் தட்டில் கை வைப்பதற்கு முன்னால் மாசச் சாமான் பட்டியலில் கை வைப்போம். வீட்டில் ஐந்து பேருக்கு மாதம் ஆறு லிட்டர் எண்ணெய் வாங்குகிறீர்கள் (தீபாவளி மாதத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்). ஆளுக்கு ஒரு நாளைக்கு 36 கிராம் வருகிறது. ஒரு கிராமுக்கு 9 கலோரி. அதையே நாலு லிட்டர் ஆக்கினால் 24 கிராம். ஆளுக்கு நாள் ஒன்றுக்கு நூறு கலோரி குறைகிறது, ஒருவரும் பட்டினி கிடக்கவில்லை. இந்த முடிவை மாதத்துக்கு ஒருமுறை பலசரக்குக் கடையில் எடுத்தால் போதும். அடுப்பு முன்னால் நின்று தினமும் மனசோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. டின்னில் எண்ணெய் குறைவாக இருந்தால் அப்பளத்தைச் சுட்டுத்தான் தர முடியும். பாதி மாதத்தில் அண்ணன் ஒரு லிட்டர் பாக்கெட்டோடு வந்து நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

மிக்சரும் அப்படித்தான். டப்பாவில் இருந்தால் கை போகும். வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. சனிக்கிழமை கொஞ்சமாக வாங்கி அன்றைக்கே எல்லோருமாகத் தின்று முடித்துவிடுங்கள்.

அப்புறம் அந்த மிச்சம். சின்னவன் வைத்துவிட்டுப் போன அரை தோசை, பெரியவளின் டிபன் பாக்ஸில் திரும்பி வந்த தயிர்சாதம், ராத்திரி சட்டியின் அடியில் கிடக்கிற ஒரு கரண்டி. வீணாகப் போகுதே என்று நின்றபடியே வாயில் போட்டுக்கொள்கிறீர்கள். உங்கள் கணக்கில் அது சாப்பாடே இல்லை. எங்கள் கிளினிக்கில் கொடுக்கிற டயட் சார்ட்டிலும் அதற்கு ஒரு கட்டம் கிடையாது. "நான் ஒண்ணுமே சாப்பிடுறதில்ல சிஸ்டர், ஆனாலும் ஏறுது" என்று சொல்கிற அம்மாக்களிடம் இதைக் கேட்டால் முதலில் சிரிப்பார்கள், பிறகு யோசிப்பார்கள். கொட்ட மனசு வராது, தெரியும். ஃபிரிட்ஜில் வையுங்கள், இல்லையென்றால் கொஞ்சம் குறைத்தே செய்யுங்கள். பசிக்கிறவன் கேட்பான், அப்போது ஒரு தோசை ஊற்றிக் கொடுக்கலாம். உங்களுக்கும் ஒரு தட்டு எடுத்து வைத்து எல்லோரோடும் உட்காருங்கள். கடைசியாகத் தனியே சாப்பிடுகிறவளுக்குத்தான் சட்டியைக் காலி செய்கிற வேலையும் சேர்ந்து வருகிறது. இதற்கு அம்மா முகம் சுளித்தால் என் பெயரைச் சொல்லுங்கள்.

சோற்றை நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஒரு கரண்டி குறைத்தால் அந்த இடத்துக்கு ஏதாவது வர வேண்டும், இல்லாவிட்டால் நாலு மணிக்குக் கை டப்பாவைத் தேடும். சுண்டல், அவித்த முட்டை, மீன், பாசிப்பயறு, தயிர் என்று எது வசதியோ அது. நம் உளுந்தஞ்சோற்றில்கூட உளுந்தைக் கூட்டி அரிசியைக் குறைத்துப் போடலாம். டீயில் சர்க்கரையை ஒரேயடியாக நிறுத்தாமல் வாரத்துக்கு அரை ஸ்பூன் குறைத்து வாருங்கள், நாக்கு பழகிக்கொள்ளும்.

நடையைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். அரை மணி நேரம் வேகமாக நடந்தால் உங்கள் எடைக்கு 150 கலோரி போலச் செலவாகும். ஒரு துண்டு அல்வாவில் அது திரும்பி வந்துவிடும். நடையால் மட்டுமே எடை இறங்கும் என்று நம்பி ஆரம்பிக்கிறவர்கள் இரண்டாம் வாரமே ஷூவைக் கழற்றிவிடுகிறார்கள். ஆனால் சர்க்கரையைக் கட்டுப்படுத்த நடை நல்லது, குறைந்த எடை திரும்ப ஏறாமல் இருக்கவும் அது வேண்டும். சுமார் 13.6 கிலோவாவது குறைத்து, ஒரு வருடமாவது ஏறாமல் பார்த்துக்கொண்டவர்களை அமெரிக்காவில் 1994-இலிருந்து ஒரு பதிவேட்டில் சேர்த்து ஆராய்ந்து வருகிறார்கள். ஆளுக்கொரு விதமான சாப்பாட்டில் குறைத்தவர்கள் அவர்கள். பெரும்பாலோரிடம் பொதுவாக இருந்தது தினசரி உடற்பயிற்சி, சராசரியாக ஒரு மணி நேரம். அதில் நடைதான் அதிகம்.

உங்களுக்கு இப்போதைக்கு ஒரு மணி நேரம் வேண்டாம். விடிகாலையில் வ.உ.சி. மைதானத்துக்குப் போங்கள் என்று சொன்னால் நடக்கப் போவதில்லை. அந்நேரம் உங்கள் அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருக்கும். ராத்திரி சாப்பிட்டதும் மொட்டை மாடிக்குப் போய்ப் பத்து நிமிடம் நடங்கள். நைட்டியோடு போகலாம், யார் பார்க்கப் போகிறார்கள்? சாப்பிட்ட கையோடு நடந்தால் ரத்தத்தில் சர்க்கரை ஒரேயடியாக ஏறாது. எட்டு வரைந்துதான் நடக்கணுமா என்று கேட்டீர்கள். எட்டில் மந்திரம் எதுவும் இல்லை, நடக்கிறதுதான் வேலை செய்கிறது. மாடி சின்னது என்பதால் வேண்டுமானால் வரைந்துகொள்ளுங்கள். முட்டி வலித்தால் நிறுத்திவிட்டு என்னிடம் சொல்லுங்கள். தைராய்டு டெஸ்ட்டையும் தள்ளிப் போடாமல் எடுத்துவிடுங்கள்.

மெஷினில் வாரத்துக்கு ஒருமுறை ஏறினால் போதும், வெள்ளிக்கிழமை காலை வெறும் வயிற்றில். உடம்பில் தங்குகிற தண்ணீரால் மட்டுமே ஒன்றிரண்டு கிலோ கூடும், குறையும். முந்தின நாள் ஊறுகாய் சாப்பிட்டதற்கெல்லாம் மறுநாள் மனசு உடையத் தேவையில்லை. உங்கள் தையல் மெஷின் டிராயரில் டேப் கிடக்குமே, மாதம் ஒருமுறை இடுப்பைச் சுற்றி அளந்து எழுதி வையுங்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள்.

ஒரு நாள் விட்டுப்போனால் எல்லாம் போச்சு என்று நினைப்பது விரதத்துக்குச் சரி, இதற்கு ஆகாது. லண்டனில் 96 பேரிடம் ஒரு புதுப் பழக்கம் எப்படிப் படிகிறது என்று கவனித்து 2010-இல் எழுதினார்கள். பழக்கம் தானாக நடக்கிற நிலைக்கு வர 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆகும் போல் தெரிந்தது, அவ்வளவு வித்தியாசம் ஆளுக்கு ஆள். நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதகம் வரவில்லை. ஆக, மழை பெய்து மாடி ஈரமாக இருந்தால் போகாதீர்கள், மறுநாள் போங்கள்.

தை மாசக் கல்யாணத்துக்குள் குறைக்கணும் என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். கல்யாணத்துக்காக ஆரம்பித்தது பந்தியிலேயே முடிந்துவிடும். பட்டுப்புடவையும் அட்டிகையுமாக எந்த எடையிலும் நீங்கள் நன்றாகத்தான் இருப்பீர்கள்.

டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் இன்னொரு ஆய்வும் செய்தார்கள், 2013-இல் வெளியானது. பார்டரில் இருந்த 537 ஆண்களில் ஒரு பாதிக்கு, சாப்பாட்டையும் நடையையும் ஞாபகப்படுத்தி மொபைலில் அடிக்கடி எஸ்எம்எஸ் அனுப்பினார்கள். இரண்டு வருடத்தில் அந்தப் பாதியில் 18 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது, மற்றப் பாதியில் 27 சதவீதம். ஆண்களை மட்டும் ஏன் எடுத்தார்களோ, ஞாபகப்படுத்த வேண்டியவர்கள் அவர்கள்தான் என்று நினைத்தார்களோ என்னவோ. எப்படியோ, இனிமேல் ராத்திரி ஒன்பதரைக்கு உங்கள் வாட்ஸ்ஆப்பில் "மாடிக்குப் போயாச்சா?" என்று என்னிடமிருந்து வரும். போனால் ஆமாம் என்று போடுங்கள், இல்லையென்றால் இல்லை என்று போடுங்கள். காரணம் எழுத வேண்டாம்.

"நீ என்ன ஹீரோயின் ஆகப் போறியா" என்று அண்ணன் கேட்டாராமே. அந்த டேப்பை அவர் இடுப்பிலும் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர். வருகிற எண்ணை எனக்கு அனுப்புங்கள், மற்றதை நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்