பொன்னிக்கு, பட்டறையிலிருந்து

மதுரை,
வியாழன் இரவு.

அன்பு மகள் பொன்னிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். நீ அனுப்பிய மூன்று அத்தியாயத்தையும் உன் தம்பி பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கொடுத்தான். ஒரே மூச்சில் படித்தேன், மறுநாள் மறுபடியும் படித்தேன். கெய்ரோ சந்தையில் உன் கதாநாயகிக்குப் பழைய வரைபடம் கிடைக்கிற இடத்துக்கு வந்ததும், கரண்ட் போன ராத்திரிகளில் திண்ணையில் உட்கார்ந்து "அப்பா, புதையல் கதை" என்று என் கையைப் பிடித்து இழுப்பாயே, அந்தக் குரல் கேட்டது. அப்போதெல்லாம் வாய்க்கு வந்ததைச் சொல்லித் தூங்கவைத்தேன். பிரமிடு என்பேன், பூதம் என்பேன், தங்கப் பெட்டி என்பேன். நீ அதையே நாவலாக எழுத உட்கார்ந்துவிட்டாய் என்று தெரிந்ததும், நாம் சொன்னதில் எவ்வளவு நிஜம் என்று பார்த்துவிடத் தோன்றியது. இரண்டு மாதமாக நத்தம் சாலைக் கலைஞர் நூலகத்துக்கு வாரம் இரண்டு நாள் பஸ்ஸில் போய்வருகிறேன். தெரிந்துகொண்டதை உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

தங்க வேலைக்காரன் என்பதால் என் கண் முதலில் எடைக்குத்தான் போனது. உன் கதாநாயகியும் அவள் தோழனும் விடிவதற்குள் ஒரு தங்கச் சவப்பெட்டியைத் தூக்கி ஒட்டகத்தில் ஏற்றிவிடுகிறார்கள். எகிப்தின் இளவயது ராஜா துட்டன்காமனின் உள் சவப்பெட்டி சுத்தத் தங்கம், சுமார் 110 கிலோ. நம் கணக்கில் 13,700 பவுனுக்கு மேல். தங்கம் கண்ணை ஏமாற்றும் உலோகம்மா. ஒரு லிட்டர் பால் பிடிக்கிற பாத்திரத்தில் தங்கத்தை உருக்கி நிரப்பினால் 19 கிலோ நிற்கும். இருட்டில், குறுகிய படிக்கட்டில், இரண்டு பேர் அதைத் தூக்கி ஏற முடியாது. அது மட்டுமில்லை. அடக்கம் செய்தபோது ஊற்றிய பிசின் எண்ணெய் இறுகிப்போய், அந்தப் பெட்டி வெளிப்பெட்டியோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. அந்தக் கல்லறையைத் தோண்டிக் கண்டுபிடித்த ஹோவர்ட் கார்ட்டர் சூடு காட்டித்தான் பிரிக்க வேண்டியிருந்தது. அரக்கில் ஒட்டிய நகையை நான் எப்படிப் பிரிப்பேன் என்று நீ சின்ன வயதில் பார்த்திருக்கிறாய். அதே வேலை.

பிரமிடு வேண்டாம் என்பது என் எண்ணம். பிரமிடுகள் எல்லாம் ரொம்பப் பழைய காலத்திலேயே காலியாகிவிட்டவை. இத்தாலிக்காரர் பெல்ஸோனி, லண்டனில் மேடையேறிப் பலசாலி வித்தை காட்டிப் பிழைத்தவர், 1818 மார்ச் 2ஆம் தேதி காஃப்ரே பிரமிடுக்குள் நுழைந்தார். கடைசி அறையில் இருந்தது திறந்து கிடந்த கல்பெட்டி. அவருக்கு முன்பே வந்துபோனவர்கள் சுவரில் அரபியில் எழுதிவைத்திருந்தார்கள். அவரும் புகைக்கரியால் தன் பெயரைப் பெரிதாக எழுதிவிட்டு வெளியே வந்தார். உருண்டு வரும் பாறையையும் எடுத்துவிடு. நிஜத்தில் வழியை அடைத்தது கருங்கல்லும் சுண்ணாம்புக்கல் ஜல்லியும்தான். துட்டன்காமன் கல்லறைக்குள் பழங்காலத்திலேயே இரண்டு தடவை திருடர்கள் புகுந்தார்கள். முதல் திருட்டுக்குப் பிறகு நடைவழி முழுக்க ஜல்லியைக் கொட்டி மூடினார்கள். அடுத்து வந்தவர்கள் மேல் மூலையில் ஓர் ஆள் தவழ்ந்து போகிற அளவுக்குத் துளைத்து உள்ளே போனார்கள். அந்த இருட்டில், மேலே கல், கீழே கல், கையில் சின்ன விளக்கு. இதைவிடப் பயமான இடம் உனக்கு வேறு வேண்டுமா?

உள்ளே போனவர்கள் வாசனைத் தைலத்தையும் திருடினார்கள். ஜாடிக்குள் கையை விட்டு வழித்தெடுத்த விரல் தடங்களைக் கார்ட்டர் பார்த்தார். ஒரு துணி முடிச்சில் தங்க மோதிரங்கள் சிலவும் அப்படியே கிடைத்தன. ஓடும்போது தவறவிட்டதோ, பிடிபட்டதோ. அந்த விரல் தடத்தைப் பற்றிப் படித்த அன்று எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. 3,000 வருஷத்துக்கு முந்திய ஒரு மனிதனின் கை அது, அம்மா.

கல்லறையைத் திறந்தவர்கள் சாவார்கள் என்ற சாபத்தை நான்கு வரியில் முடித்துக்கொள். கார்ட்டருக்குப் பணம் கொடுத்துத் தோண்டவைத்த கார்னர்வன் பிரபு 1923 ஏப்ரலில் செத்தது, கொசு கடித்த இடத்தைச் சவரக்கத்தி கீறி, இரத்தத்தில் நஞ்சேறி, நிமோனியாவும் சேர்ந்துகொண்டதால். கல்லறைச் செய்திகளை லண்டனில் ஒரே பத்திரிகைக்கு அவர் விற்றிருந்தார். செய்தி கிடைக்காத மற்றவர்களுக்குச் சாபம் கிடைத்தது. முதல் ஆளாக உள்ளே எட்டிப்பார்த்த கார்ட்டர் 1939 வரை உயிரோடு இருந்தார்.

வரைபடத்தைத் தூக்கிப் போட்டுவிடாதே. அதற்கு நிஜமான வேர் இருக்கிறது. எகிப்தில் புதையல் தேடுவதையே பிழைப்பாக வைத்திருந்தவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் இருந்தார்கள். எந்த மலையின் எந்தப் பக்கம் தோண்ட வேண்டும், என்ன தூபம் போட வேண்டும் என்று சொல்லும் அரபு நூல்கள் கைமாறிக்கொண்டே இருந்தன. 'புதைந்த முத்துகளின் நூல்' என்று ஒன்றை எகிப்திய ஆய்வாளர் அகமது கமால் 1907இல் அச்சிட்டார். எல்லார் கையிலும் கிடைத்துவிட்டால் அதன் ரகசியக் கவர்ச்சி போய், கல்லறைகளை உடைப்பது குறையும் என்பது எண்ணம். 14ஆம் நூற்றாண்டு அறிஞர் இப்னு கல்தூனும், உழைத்துப் பிழைக்க வழி தெரியாதவர்களைப் புதையல் ஆசை பிடிக்கிறது என்று வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார். உன் கதாநாயகிக்கு வரைபடத்தை விற்கிற கிழவன் அந்தப் பரம்பரையில் கடைசி ஆளாக இருக்கட்டுமே.

இனிமேல் எழுதப்போவதற்காகத்தான் இந்தக் கடிதத்தையே தொடங்கினேன்.

அமென்பனுஃபர் என்று ஒரு கல்தச்சன். ஒன்பதாம் ராம்செஸின் 16ஆம் ஆட்சியாண்டு, அதாவது சுமார் 3,100 வருஷத்துக்கு முன்பு, தீப்ஸ் நகரில் அவன் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் பாப்பிரஸ் ஏட்டில் இருக்கிறது. அவனும் கூட்டாளிகளும் செப்பு உளிகளோடு போய், 400 வருஷத்துக்கும் மேல் பழைய கல்லறை ஒன்றைக் குடைந்தார்கள். சோபெக்எம்சாஃப் ராஜாவும் நூப்காஸ் ராணியும் படுத்திருந்த கல்லறை. ராஜாவின் கழுத்தில் தங்கத் தாயத்துகள், முகத்தில் தங்கம், பெட்டியின் உள்ளும் புறமும் தங்கமும் வெள்ளியும். எல்லாவற்றையும் உரித்தெடுத்துவிட்டுப் பெட்டிகளுக்குத் தீ வைத்தார்கள். எட்டுப் பேர், ஆளுக்கு 20 டெபன், மொத்தம் 160 டெபன் தங்கம். டெபன் என்பது சுமார் 91 கிராம். எழுதிப் பார்த்தேன்: ஆளுக்கு ஏறக்குறைய 227 பவுன்.

பிறகு தீப்ஸ் அதிகாரிகள் அவனைப் பிடித்தார்கள். தன் பங்கு 20 டெபனையும் படித்துறை எழுத்தருக்குக் கொடுத்தான், அவர் விட்டுவிட்டார். கூட்டாளிகள் தங்கள் பங்கிலிருந்து பிரித்து அவனுக்கு ஈடு செய்தார்கள். மறுபடியும் எல்லாருமாகக் கிளம்பினார்கள். ஊரில் இன்னும் பல பேர் இதே வேலையைச் செய்கிறார்கள் என்றும் அவனே சொல்லியிருக்கிறான். அந்த ஏடு இரண்டு துண்டானது. கீழ்ப்பாதி இங்கிலாந்துப் பிரபு ஒருவரிடம் போய், இப்போது நியூயார்க்கில் இருக்கிறது. மேல்பாதி எங்கே என்றே தெரியாமல் இருந்து, 1935இல் பிரஸ்ஸல்ஸ் அருங்காட்சியகத்தில் ஒரு மரச்சிலைக்குள்ளிருந்து கிடைத்தது. உன் வரைபடத்தை எங்கே ஒளித்துவைப்பது என்று கேட்டிருந்தாயே.

அந்தக் காலத்தில் இன்னொரு விசாரணையில் ஒரு பெண்ணைக் கேட்கிறார்கள், உனக்கு இந்த வெள்ளி எங்கிருந்து வந்தது என்று. கழுதைப்புலிகளின் வருஷத்தில், பசி வந்தபோது, பார்லி கொடுத்து வாங்கினேன் என்கிறாள். அந்த வரியில் நான் நின்றுவிட்டேன். கல்லறை வெட்டும் தொழிலாளர் குடியிருப்பில், மூன்றாம் ராம்செஸ் காலத்திலேயே கூலித் தானியம் வராமல் வேலையை நிறுத்தி உட்கார்ந்திருக்கிறார்கள். அரசனுக்கு அறை குடைந்த கை, பசிக்கும்போது எந்த அறை எங்கே இருக்கிறது என்பதை மறந்துவிடுமா? உன் கதையில் 'கூலியாட்கள்' என்று மூன்று இடத்தில் வருகிறது. ஒருவனுக்கும் பெயர் இல்லை. கதையின் உயிர் அவர்களிடம்தான் இருக்கிறது, பொன்னி.

நூலகத்தில் ஒரு படம் பார்த்தேன். ரெக்மிரே என்ற அமைச்சரின் கல்லறைச் சுவர், மூன்றாம் துட்மோஸ் காலம். தங்கத்தைத் தராசில் நிறுத்துத் தருகிறார்கள், பக்கத்தில் எழுத்தர் குறித்துக்கொள்கிறார். அடுத்து, நெருப்பைச் சுற்றிக் குந்தி உட்கார்ந்து ஆட்கள் குழலில் ஊதுகிறார்கள். நாணல் குழல், நுனியில் களிமண். என் அப்பாவின் ஊதுகுழலும், உமி நெருப்பு வைக்கிற உமியோடும் எனக்கு நினைவு வந்தன. நிறுத்துக் கொடுத்து, வேலை முடிந்ததும் நிறுத்து வாங்கி, சேதாரத்துக்குக் கணக்குக் கேட்கிற அதே வழக்கம். படத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. அந்த முகமூடி இருக்கிறதே, துட்டன்காமனுடையது, பத்துக் கிலோ. அதன் முகத்தின் மேல்பூச்சு சுமார் 18 காரட், மற்ற இடங்களில் 22க்கு மேல். முகம் மட்டும் கொஞ்சம் வெளிறித் தோலாகத் தெரிய வேண்டும் என்று தங்கத்தின் தரத்தையே மாற்றியிருக்கிறான் ஒருவன். 2014இல் அதன் தாடி கழன்றபோது அவசரத்தில் எபாக்ஸி பசையால் ஒட்டிவிட்டார்கள். மறு வருஷம் அதைச் சுரண்டி எடுத்து, பழையபடி தேன்மெழுகால் ஒட்டினார்கள்.

இதைச் சொல்லும்போது உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். நீ பிறப்பதற்கு முந்திய வருஷம் ஒரு பாட்டி பட்டறைக்கு வந்தார். பேரன் படிப்புக்குப் பணம் வேண்டும் என்று காதில் தொங்கிய தன் பாம்படத்தைக் கழற்றி என் முன்னால் வைத்தார். அவருடைய அம்மா போட்டிருந்தது. மெல்லிய தகடு, உள்ளே அரக்கு, மேலே என் கைக்கு வராத வேலைப்பாடு. நியாயமான விலைதான் கொடுத்தேன். ஆனால் அன்று மாலையே அரக்கை எடுத்துவிட்டு, தங்கம் உருக்குகிற மூசையில் போட்டேன். இரண்டு நிமிஷத்தில் உருண்டையாகிவிட்டது. ஒரு பிரதி வரைந்துகொள்ளக்கூடத் தோன்றவில்லை. அந்தக் கல்தச்சன் பெட்டிக்குத் தீ வைத்ததைப் படித்தபோது எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. அவன் பக்கத்தில் நான் நிற்பதுபோல் இருந்தது. துளை நீண்டு தொங்கிய அந்தப் பாட்டியின் காதுகள் இன்னும் கண்ணில் இருக்கின்றன.

உன் கதாநாயகிக்கு எகிப்தில் என்ன வேலை என்பதும் எனக்குப் புரியவில்லை. வேண்டுமானால் இதை எடுத்துக்கொள். இரண்டாம் ராம்செஸின் உடலைச் சோதித்தபோது மூக்குக்குள் மிளகு இருந்தது. செங்கடல் கரையில் பெரனிகே துறைமுகத்தில், கோயில் ஒன்றில் புதைந்திருந்த நம் ஊர்ப் பெரிய சாடியில் ஏழரைக் கிலோ மிளகு கிடைத்தது. ரோமர் காலத்துக் கணக்கு. அதே துறைமுகத்தில் ஒரு பானை ஓட்டில் 'கொற்றபூமான்' என்று தமிழ் பிராமியில் எழுதியிருக்கிறது. குசேர் என்ற இன்னொரு துறைமுகத்தில் 'பானை ஒறி' என்று எழுதிய ஓடு. உறியில் தொங்கிய பானை. உன் பெண் தங்கத்தைத் தேடிப் போகாமல் அந்த ஓட்டைத் தேடிப் போனால், வழியில் கல்லறையில் மாட்டிக்கொண்டால்? நீதான் எழுத வேண்டும்.

கடைசி அத்தியாயத்தில் அவள் கருவூல அறையைத் திறப்பாள் என்று எழுதியிருந்தாய். கார்ட்டர் அப்படிப் பெயர் வைத்த அறையில், ஒரு மரப்பெட்டிக்குள் இரண்டு சின்னஞ்சிறு சவப்பெட்டிகள் இருந்தன. பிறக்கும் முன்பே போய்விட்ட இரண்டு பெண் குழந்தைகள். அந்த இளவயது ராஜாவின் பிள்ளைகளாகத்தான் இருக்க வேண்டும் என்கிறார்கள். உன் அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் எழுந்துபோய் விளக்கேற்றினாள். உன் கதாநாயகி அந்தப் பெட்டியின் முன்னால் என்ன செய்வாள் என்று அறிய எனக்கு ரொம்ப ஆசை.

ஊதுகுழல், உமியோடு, மூசை, உரைகல் எல்லாவற்றையும் வரைந்து, எப்படிப் பிடிப்பது என்றும் எழுதி வைத்திருக்கிறேன். எழுதும்போது சந்தேகம் வந்தால் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிடு, பட்டறையில் நெருப்பு மூட்டியே காட்டுகிறேன். அம்மா பருப்புப்பொடி இடித்துவைத்திருக்கிறாள், அடுத்த வாரப் பார்சலில் வரும். மாப்பிள்ளைக்கு முதுகுவலி குறைந்ததா? நான்காம் அத்தியாயத்தைச் சீக்கிரம் அனுப்பு. அந்தக் கூலியாளுக்கு என்ன பெயர் வைத்தாய் என்று முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட வேண்டும் எனக்கு.

அன்புடன்,
அப்பா