டிக்கியில் ஏற்றுவதற்கு முன்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

"ஷெட்டில் கிடக்கிற எல்லாத்தையும் ஒரே நடையா மறுசுழற்சிக் கிடங்குக்குக் கொண்டுபோய்ப் போட்டுட்டு வந்துடறேன்பா" என்று நேற்று போனில் சொன்னாய். நானும் சரி என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. பேசினால் பாதியிலேயே "தெரியும்பா" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த 'ஒரே நடை' நான் செய்து பார்த்து அனுபவப்பட்ட விஷயம். நீ கல்லூரிக்குப் போன வருஷம், பழைய வீட்டைக் காலி செய்தபோது, கைக்கு வந்ததையெல்லாம் டிக்கியில் திணித்தேன். மேலே ஒரு பெயிண்ட் டப்பா, அடியில் பழைய நோட்டுகளும் அட்டைப் பெட்டிகளும். டப்பா மூடி சரியாக உட்காரவில்லை. போய்ச் சேருவதற்குள் அட்டை முழுக்க நீலம். பெயிண்டில் ஊறிய காகிதத்தை மறுசுழற்சிக்கு எடுக்க மாட்டார்கள். நல்ல காகிதம் அத்தனையும் ஒன்றுக்கும் உதவாத குப்பையோடு போனது.

அங்கே வேலை பார்த்தவர் ஒரு பொருளை மட்டும் தனியாக எடுத்துக் குலுக்கினார். உன் பொம்மை ரயில் வண்டி. "உள்ள பேட்டரி இருக்கா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. ஒரு நாணயத்தை வைத்துத் திருகாணியைத் திருப்பினார். உள்ளே இரண்டு பேட்டரி, சுற்றிலும் உப்புப் பூத்த மாதிரி வெள்ளையாகப் பொடி. அது பேட்டரிக்குள் இருக்கும் காரம் கசிந்து காற்றுபட்டு உறைந்தது. வெறும் கையால் தொடாதே, கையுறை போட்டுக்கொள்.

அன்றிலிருந்து எதை எடுத்தாலும் இதற்குள் என்ன இருக்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன். பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, மின்சாரப் பல்துலக்கி, ஒளிரும் செருப்பு, எல்லாவற்றிலும் பேட்டரி ஒளிந்திருக்கும். லித்தியம் பேட்டரி குப்பை லாரியில் நசுங்கினால் உள்ளுக்குள் ஷார்ட் ஆகித் தீப்பிடித்துவிடும். சுற்றிலும் காகிதமும் பிளாஸ்டிக்கும் இருந்தால் அப்புறம் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கழற்ற வருவதைக் கழற்றி, முனைகளில் டேப் ஒட்டித் தனி டப்பாவில் கொண்டுபோ. கழற்ற வராததை நெம்பாதே, அப்படியே மின்னணுக் கழிவுப் பக்கம் கொடுத்துவிடு. பழைய போனாக இருந்தால் உள்ளே இருப்பதை அழித்துவிட்டுக் கொடு. பட்டன் பேட்டரி குழந்தை கையில் கிடைத்தால் விழுங்கிவிடும், உணவுக்குழாயையே அரித்துவிடும். அதை மேசைமேல் வைத்துவிட்டு "நாளைக்குப் பார்க்கலாம்" என்று போகாதே.

ஃபிரிட்ஜும் அப்படித்தான். வெளியே வெறும் தகரப் பெட்டி. பழைய ஃபிரிட்ஜுகளில் குளிரூட்டும் குழாயில் மட்டுமில்லை, சுவருக்குள் அடைத்த நுரையிலும் ஓசோனைத் தின்னும் வாயு இருந்தது. ஓசோனைக் காக்க நாடுகள் சேர்ந்து 1987இல் மான்ட்ரியல் உடன்படிக்கை செய்த பிறகுதான் அது படிப்படியாக நின்றது. புதியவை பலவற்றில் இருப்பது ஐசோபியூட்டேன் என்ற வாயு, அது தீப்பற்றக்கூடியது. அதனால் செம்புக்கு ஆசைப்பட்டுக் குழாயை வெட்டுகிறவர்களிடம் கொடுக்காதே, முழுசாகக் கிடங்கில் ஒப்படை. எடுத்துப் போகும்வரை கதவு திறக்க முடியாதபடி கயிறு கட்டி வை. உள்ளே புகுந்து விளையாடும் பிள்ளைகள் மாட்டிக்கொள்வார்கள்.

டியூப் லைட்டிலும் சி.எஃப்.எல். பல்பிலும் சில மில்லிகிராம் பாதரசம் உண்டு. பாட்டில் கண்ணாடியோடு போடாதே. உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டுப் பத்து நிமிஷம் வெளியே போய்விடு. வாக்குவம் கிளீனரால் மட்டும் உறிஞ்சாதே, பாதரசம் வீடெல்லாம் பறக்கும். கண்ணாடி என்றால் எல்லாம் ஒன்று என்று நானும் நினைத்திருந்தேன். சூடு தாங்கும் கண்ணாடிப் பாத்திரம் உருக அதிகச் சூடு வேண்டும், பாட்டிலோடு உலையில் போனால் உருகாமல் கட்டியாக நின்று புதுப் பாட்டிலைக் கெடுத்துவிடும். அதையும் முகம் பார்க்கும் கண்ணாடியையும் எங்கே போடுவது என்று அங்கேயே கேட்டுக்கொள்.

தண்ணீரில் கரையும் பெயிண்ட் கொஞ்சம் மிச்சமிருந்தால் மணலையோ மரத்தூளையோ கொட்டி, மூடியைத் திறந்துவைத்துக் காயவிடு. டர்பன்டைன் வாடை அடிக்கிற பெயிண்டை அப்படிச் செய்யாதே. அதை இறுக்கி மூடி, அபாயகரமான கழிவுகளைத் தனியாக வாங்கும் இடத்தில் கொடு. வண்டி எஞ்சின் ஆயில், சமையல் எண்ணெய் இரண்டையும் ஒரே கேனில் ஊற்றிவிடாதே. கலந்துவிட்டால் இரண்டுமே சுத்திகரிக்க லாயக்கில்லாமல் போகும். சாக்கடையில் ஊற்றுவது பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று நம்புகிறேன்.

ஷெட்டின் கூரை நெளிநெளியான சிமென்ட் ஷீட் என்றாயே, அதுதான் எனக்குக் கவலை. பழைய ஷீட் என்றால் ஆஸ்பெஸ்டாஸ் என்ற நார் கலந்திருக்கலாம். உடைக்காதே, துளை போடாதே, பெருக்காதே. முழுசாக இருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை, உடையும்போது பறக்கும் நார்தான் நுரையீரலில் தங்கும். இதை எல்லாக் கிடங்கிலும் எடுக்க மாட்டார்கள். முதலில் போன் போட்டு, எப்படிச் சுற்றிக் கொண்டுவர வேண்டும் என்று கேள். கேஸ் சிலிண்டர் காலியாக இருந்தாலும் விற்றவரிடமே போக வேண்டும். பழைய மாத்திரைகளை மருந்துக் கடையில் வாங்கிக்கொள்கிறார்களா என்று பார்.

மற்றதெல்லாம் சுலபம். இலை தழையைக் கொட்டிவிட்டுப் பையைத் திரும்பக் கொண்டுவா. ஜிப்சம் போர்டை மட்டும் செங்கல் மண்ணோடு கலக்காதே; மக்கும் குப்பையோடு ஈரத்தில் கிடந்தால் அழுகிய முட்டை நாற்றத்தோடு நச்சு வாயு விடும். மெத்தை, டயர் இரண்டுக்கும் எண்ணிக்கைக் கட்டுப்பாடு இருக்கலாம். குளியலறையை மாற்றிக் கட்ட வரும் மேஸ்திரி உடைத்துப்போடும் குப்பையை அவரே அகற்ற வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள். வீட்டுக் குப்பைக்கான இடத்தில் தொழில் குப்பையைப் பெரும்பாலும் வாங்க மாட்டார்கள். ஏற்றும்போது கடைசியாக இறக்க வேண்டியதை முதலில் வை. கால் ஆடுகிற அந்த மர நாற்காலியை ஏற்றவே ஏற்றாதே, ஒரு ஆணி அடித்தால் யாராவது உட்காருவார்கள்.

ரயில் வண்டியைக் கேட்பாய். அன்றைக்கு அந்த மனிதர் பேட்டரியை மட்டும் வாங்கிக்கொண்டு வண்டியை என் கையில் கொடுத்துவிட்டார். வினிகரைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தேன். இப்போது நன்றாக ஓடுகிறது.

அலமாரிக்குப் பின்னால் பேர் எழுதாத ஒரு டப்பா இருக்கிறது என்றாயே, அதைத் திறக்காதே, முகர்ந்தும் பார்க்காதே. நிமிர்த்தி வைத்து போட்டோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா