படம் வேறு, கிராஃப் வேறு

ஆசிரியருக்கு,

செயற்கை நுண்ணறிவு பட்டுச் சேலை வடிவமைப்பை நொடியில் முடித்துவிடும் என்ற பேச்சு காஞ்சிபுரம் வரை வந்துவிட்டது. முடிவது படம் மட்டுமே. தறிக்கு வேண்டியது கிராஃப், அதாவது கட்டத்தாளில் போடும் நெசவு வரைபடம். அதில் ஒரு கட்டம் என்பது நீள இழையான பாவும் குறுக்கு இழையான ஊடையும் சந்திக்கும் ஓர் இடம். உருவம் விழப் பாவு இழைகளைத் தூக்கும் ஜக்கார்டு பொறியில் 240 கொக்கி இருந்தால், உருவத்தின் அகலம் 240 கட்டம்தான். கணினிப் படத்தில் 1024 புள்ளி (பிக்சல்) அகலத்தில் வரும் மயிலை அதற்குள் சுருக்கினால் நான்கு புள்ளிக்கு ஒன்றுதான் மிஞ்சும். தோகையின் மெல்லிய கோடுகள் அறுந்து, வளைவுகள் படிக்கட்டாகிவிடும். எதை வைப்பது, எதை விடுவது என்று கட்டம் கட்டமாகத் திருத்த வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஜரிகை மிதப்பது. முழுத் தங்கமாக நிரப்பிய இதழை அப்படியே ஜக்கார்டை இயக்கும் அட்டையில் துளையாகக் குத்தினால், ஜரிகை பல இழைகளுக்கு மேல் பிடிப்பில்லாமல் ஓடும். உடுத்தும்போது வளையலில் மாட்டி இழுபடும். ஜரிகையைப் பாவு இழை அழுத்திப் பிடிக்கும் பிடிப்புப் புள்ளிகளை இடையிடையே வைக்கத் தெரிந்தவரே வடிவமைப்பாளர்.

புது யோசனை தேடவும், வண்ணச் சேர்க்கையை வாடிக்கையாளருக்குக் காட்டவும் செயற்கை நுண்ணறிவு நல்லது, மறுக்கவில்லை. கிராஃப் போட்டுப் பழகாமலே அதில் தொடங்கும் இளைஞர்களை நினைத்தால்தான் கவலை. பிழை தறியில் ஏறிய பிறகே அவர்கள் கண்ணில் படுகிறது. கைத்தறிப் பயிற்சியில் கிராஃபைக் கையால் வரையும் நேரத்தை எக்காரணம் கொண்டும் குறைக்கக் கூடாது. படம் சும்மா கிடைக்கிறதே என்று கிராஃப் கூலியைக் குறைப்பதும் நியாயமல்ல, வேலை குறையவில்லை.

— பட்டுச் சேலை வடிவமைப்பாளர்கள், காஞ்சிபுரம்